தனியொருவர் பரிசும் கூட்டாட்டமும்

பதினெண்மர் ஓரணியாய்க் கூடி ஆடும் ஓர் ஆட்டத்தில் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து, இவரே இவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் எனப் பரிசளித்தல் முறையாகுமோ என வினவுவார் உளர். வெற்றி அனைவர்க்கும் பொதுவாயிருக்கப் புகழ் மட்டும் ஒருவர்பாற் சேர்வது அழுக்காற்றுக்கும் தன்னலத்திற்கும் வித்தாகும் என்பது அவர்தம் கட்சி. இக்கட்சியில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் கால்பந்துச் சங்கத்தார் தம் ஆட்டக்காரர்க்கு ஆண்டுதோறும் வழங்கிவரும் பரிசுகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அதனை முழுதும் ஏற்க என் மனம் இசையவில்லை.

அந்நாட்டார் தமக்கென வகுத்துக்கொண்ட கால்பந்தாட்டம் நம் மாணவர் மாலைதோறும் ஆடும் ஆட்டம் அன்று. களமும் பந்தும் நீள்வட்டமாயிருக்கும். பந்தைக் காலால் உதைக்கலாம். முட்டியால் குத்தி அனுப்பலாம். உயர எழும்பிக் கையாற் பற்றவுஞ் செய்யலாம். களத்தின் இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நாட்டப்பெற்றிருக்கும். நடுவிரண்டின் இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் ஆறு புள்ளிகள். பக்கத்தே சென்றால் ஒன்று. இதன் விதிகள் 1859-ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மெல்போர்ன் சங்கத்தாராலேயே முதன்முதல் எழுதப்பெற்றன. இம்மட்டில் ஆட்டத்தை விடுத்துப் பரிசுகளைப் பற்றிப் பேசுவோம்.

பரிசுகள் இருவகைப்படும். சங்கங்கள் யாவற்றிற்கும் பொதுவாக விளங்குவது பிரௌன்லோ பதக்கம். ஜீலாங் சங்கத்தின் செயலாளராயிருந்த சார்லஸ் பிரௌன்லோவின் நினைவாக 1924-ஆம் ஆண்டு ஏற்பட்ட இப்பதக்கத்திற்கு உரியவரை நடுவர்களே தெரிந்தெடுக்கின்றனர். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் அவர்கள் கூடி மூவரைத் தேர்ந்து முறையே மூன்று, இரண்டு, ஒன்று என வாக்களிப்பர். பருவத்தின் இறுதியில் ஓரிரவு அவ்வாக்குகள் எண்ணப்படும். மற்றொருவகை, ஒவ்வொரு சங்கமும் தன் ஆட்டக்காரருள் ஒருவர்க்கு வழங்குவது. இதற்குப் பெரும்பாலும் அச்சங்கத்தின் பயிற்சியாளர்களே ஆட்டந்தோறும் மதிப்பெண் இடுகின்றனர். நாட்டு மக்கள் பெரிதாகக் கொண்டாடுவது முதல்வகையே. எனினும் நீதியுடையது இரண்டாம்வகை என்பது என் துணிபு.

காரணம் வெளிப்படை. நடுவர்தம் கண்கள் பந்தைத் தொடர்ந்தே ஓடுகின்றன. அது அவர் கடமை. ஆதலின் களத்தின் நடுவே ஓடியாடிப் பந்தை அடிக்கடி கைக்கொள்பவர்க்கே வாக்குகள் குவிகின்றன. கடைக்காவலில் நின்று எதிரணியின் வல்லானொருவனைப் பிற்பகல் முழுதும் பந்தைத் தொடவொட்டாது தடுத்தவன் செய்த தொண்டு, நடவாமற்போன ஒன்றாகையால் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. அவனுக்கு அப்பணியை இட்ட பயிற்சியாளர்க்கோ அதன் அருமை தெரியும். கூட்டாட்டத்தில் தனியொருவர் பரிசு கூடாதென்பார்க்கு இதுவே என் முதல் விடை. ஏவிய கடமையை எவன் செவ்வனே முடித்தான் என்பதே அளவுகோலாயின், அப்பரிசு தன்னலத்தை வளர்ப்பதெங்ஙனம்?

இனிச் சங்கத்தார் முகத்திற்கெதிரே சொல்லத்தக்க குறையும் ஒன்றுண்டு. பிரௌன்லோ பதக்கம் ஆட்டத்திறனுடன் நேர்மையையும் சேர்த்தே வேண்டுவது. திறனுக்கு முன்னர் நேர்மையை வைத்து எண்ணுவது. பருவத்தினிடையே முறைகேடான ஆட்டத்திற்காக ஓராட்டம் விலக்கப்பட்டவரும் அதனைப் பெறுதற்கில்லை. 1997-ஆம் ஆண்டு வெஸ்டர்ன் புல்டாக்ஸ் சங்கத்துக் கிறிஸ் கிராண்ட் 27 வாக்குகளுடன் யாவரினும் முந்திநின்றார். ஆயினும் அவ்வாண்டு அவர் ஓராட்டம் விலக்கப்பட்டிருந்தமையால், 26 வாக்குகள் பெற்ற ராபர்ட் ஹார்வியே பதக்கத்தை அணிந்தார். கொடிய விதி என அன்று இரங்கினார் பலர். கொடிதேயாயினும், சொன்ன சொல்லுக்கு அவ்விதி உண்மையாயிருக்கின்றது. சங்கப் பரிசுகளோ நேர்மை என்னும் சொல்லைத் தம் பெயரிற் சூடிக்கொண்டும் பொதுவாக இவ்விலக்கைக் கைக்கொள்வதில்லை. ஒன்று, விதியைக் கொள்க. அன்றேல் அச்சொல்லை விடுக. இரண்டுமின்றி நிற்றல் அழகன்று.

இது நிற்க. வெற்றி அனைவர்க்கும் பொது என்பார் மறக்கும் ஒன்றுண்டு. வெற்றியே கிட்டாத ஆண்டுகளில் பொதுவாய்ப் பகிர்ந்துகொள்ள யாதுளது? மெல்போர்ன் சங்கம் 1964-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் நான்கே புள்ளிகளால் வென்று வெற்றிக்கொடி நாட்டியது. அதன்பின் அப்பேறு மீண்டும் வாய்த்தது 2021-ஆம் ஆண்டில். இடையே 57 ஆண்டுகள் கழிந்தன. பிறந்து வளர்ந்து பேரன் கண்டவர்களும் ஒரு வெற்றியையும் காணாதிருந்தனர். ராபர்ட் பிளவர் என்னும் மெலிந்த உடலினர் ஒருவர் 1973 முதல் 1987 வரை இச்சங்கத்திற்காக 272 ஆட்டங்கள் ஆடினார். ஓடிக்கொண்டே உடலை நெளித்து எதிரியைத் தப்பும் அவர்தம் நயத்தைப் பிற சங்கத்தாரும் வாயாரப் புகழ்ந்தனர். ஆயினும் பருவத்து முடிவில் நிகழும் தேர்வாட்டங்களில் அவர் கால்வைத்தது தம் கடைசி ஆண்டாகிய 1987-இல் மட்டுமே. அத்தகையோர்க்குக் கொடி இல்லை, கிண்ணம் இல்லை. 1977-ஆம் ஆண்டின் சங்கப் பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கின்றது.

அதே 1987-இல் நிகழ்ந்தது இன்னொன்று. அயர்லாந்தின் டப்ளின் நகரத்தினின்று 1984-இல் வந்து இவ்வாட்டத்தைப் புதிதாய்க் கற்ற ஜிம் ஸ்டைன்ஸ் என்னும் இளைஞர், இறுதியாட்டத்திற்கு முந்திய ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், பந்தைப் பற்றி உதைக்க நின்ற எதிரிக்குக் குறுக்கே அறியாமல் ஓடிவிட்டார். விதிப்படி எதிரிக்குப் பதினைந்து மீட்டர் முன்னேறும் உரிமை கிடைத்தது, தொலைவு குறைந்தது, பந்து கம்பங்களினிடையே பறந்தது, இரண்டு புள்ளிகளால் மெல்போர்ன் தோற்றது. ஒருவர் பிழையால் அனைவரும் தோற்கும்போது பழி மட்டும் தனியொருவர்க்கே உரியதாகின்றது என்பதை இங்கே கருதுக. பழியைத் தனியே சுமத்த அஞ்சாத உலகம் புகழைத் தனியே அளிக்க ஏன் கூசவேண்டும்? ஸ்டைன்ஸ் ஓடி ஒளிந்தாரில்லை. அவ்வாண்டு தொடங்கி 1998 வரை 244 ஆட்டங்கள் ஒன்றும் விடாது தொடர்ந்தாடினார். 1991-இல் பிரௌன்லோ பதக்கம் பெற்றார். சங்கத்தின் சொந்தப் பரிசையும் நான்கு முறை பெற்றார். பிற்காலத்தில் அச்சங்கத்தின் தலைவராயிருந்து அதனைக் கடனிலிருந்து மீட்கப் பாடுபட்டு, 2012-இல் புற்றுநோயால் மறைந்தார்.

அந்தச் சொந்தப் பரிசின் பெயரை இதுகாறும் யான் கூறாது விட்டதற்குக் காரணமுண்டு. 1940-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் ரிச்மண்டு அணியை வென்ற மெல்போர்ன் ஆட்டக்காரருள் நால்வர் போரில் மாண்டனர். சங்கத்தின் முதற்பரிசு அவருள் ஒருவராகிய கீத் டிரஸ்காட் பெயரால் 1943 முதல் வழங்கப்பெறுகின்றது. இரண்டாம் இடத்தார்க்குரிய பரிசு, நியூகினியில் 1944-இல் விமானப்படையிற் பணிபுரிந்து மடிந்த சிட் ஆண்டர்சன் பெயரையும், மூன்றாம் இடத்தார்க்குரியது தொப்ருக் முற்றுகையில் 1941-இல் மாண்ட ரான் பராசி பெயரையும் தாங்கின. சங்கத்திற்குப் புதியராய் வரும் இளைஞருட் சிறந்தார்க்கு உரியது ஹாரல்ட் பால் நினைவுப் பரிசு. அவர் படைமருத்துவப் பிரிவிற் சேர்ந்து 1942-இல் சிங்கப்பூரில் உயிரிழந்தார். சிங்கப்பூர் வீழ்ந்த அந்நாட்கள் நம் தமிழ்க்குடும்பங்கள் பலவற்றின் கதைகளிலும் இடம்பெற்றவை.

டிரஸ்காட் செந்நிறத் தலைமயிர் உடையவர். அதனாலேயே அவரை ‘புளூயி’, அஃதாவது நீலன் என அழைத்தனர். சிவந்த தலையனை நீலன் என்பது ஆஸ்திரேலியர்தம் வேடிக்கை. 1941-இல் இங்கிலாந்திலிருந்து ஸ்பிட்ஃபயர் விமானஞ் செலுத்திப் பொருது பெருவீரரெனப் பெயர்பெற்றார். தாயகம் மீண்டபின் 1942-இல் தம் பழைய அணியுடன் ஓராட்டம் ஆடினார். அவ்வாண்டே பப்புவாவின் மில்னி விரிகுடாப் போரில் ஒரு விமானப்பிரிவைத் தலைமைதாங்கி நடத்தினார். 1943 மார்ச் 28-ஆம் நாள், மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில், மற்றொரு விமானத்தைத் தாக்குவதுபோற் பயிற்சி செய்கையில், உயரத்தைத் தவறாக மதித்துக் கடலுள் வீழ்ந்து இறந்தார். வயது 26. பகைவன் குண்டால் அன்று, பயிற்சியின் பிழையால். பெருவீரர் ஒருவர்க்கு இது தகுந்த முடிவில்லை என நமக்குத் தோன்றலாம். சங்கத்தார்க்கு அவ்வாறு தோன்றவில்லை. சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராக அவர் ஓராண்டேனும் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அல்லர். அப்படியிருந்தும் அப்பரிசு அவர் பெயரையே தாங்குகின்றது.

மைதானங்களுக்கே வாணிகக் கழகங்களின் பெயர்கள் விலைக்குச் சூட்டப்பெறும் இந்நாளில், இப்பழம்பெயர்களை இன்றைய இளைஞர் அறியார். எனவே மாற்றிவிடுதல் நலம் என உரைப்பாரும் இருக்கலாம். அறியாரெனின் அறிவிக்க வேண்டுமேயன்றி அழித்தல் கூடாது. பரிசு பெறுபவர் தம் பெயரினும் பெரிதாய் மற்றொருவர் பெயர் பொறித்த பரிசைக் கையில் ஏந்தும்போது, அது தனியொருவர் பரிசு என்று எங்ஙனம் சொல்லத் தகும்?

தொப்ருக்கில் மாண்ட பராசிக்கு அப்போது ஐந்து வயதுடைய மகன் ஒருவன் இருந்தான். அவன் பெயரும் ரான். தந்தையுடன் ஆடியவரும் பின்னர்ச் சங்கத்தின் பயிற்சியாளர் ஆனவருமாகிய நார்ம் ஸ்மித் அவனைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். அவன் வேறு சங்கத்திற்குப் போய்விடலாகாதென்று, தந்தை ஆடிய சங்கத்திலேயே மகனும் ஆடலாம் என்னும் விதி ஏற்படச் சங்கத்தார் முயன்று வென்றனர். 1953-இல் அவன் களம்புகுந்தான். ஆறு முறை வெற்றிக்கொடியில் பங்குகொண்டு, அந்நாட்டுக் கால்பந்து உலகில் பராசியின் பெயரை அறியாதார் இல்லை என்னும் நிலையை எய்தினான். பிரௌன்லோ பதக்கம் மட்டும் அவனுக்குக் கிட்டவேயில்லை. 1961-இலும் 1964-இலும் டிரஸ்காட் நினைவுப் பரிசு, தந்தையோடு தோளுரசி ஆடியவர் பெயர் பொறித்த அப்பரிசு, மகன் கைக்கு வந்தது.