தண்ணிக்குச் சாட்சி யார்?

போன கோடையில் எங்க தெருக் குழாயில் ஒரு வாரம் செம்மண் கரைச்ச மாதிரி தண்ணி வந்தது. பொம்பளைங்க ஆறேழு பேர் அதை ஒரு பாட்டிலில் பிடிச்சிக்கிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். பேங்கில் குமாஸ்தா, மனு எழுதத் தெரிஞ்சவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பாட்டிலைத் தொடவில்லை. தூர இருந்தே பார்த்தார். "கொதிக்க வச்சிக் குடிங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். அவருக்குப் பின்னால் 20 லிட்டர் கேன் கவிழ்ந்து நின்றது. எங்க பெரியம்மா விடவில்லை. "சார், நீங்க இதுல ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க. நாங்க பேசாம எழுந்து போயிடறோம்." அவர் குடிக்கவில்லை. மனுவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. எந்தச் சேரிக்கும் எந்த அலுவலகமும் சொல்கிற பதில்தான் அது. ஆனால் அந்தப் பதிலில் ஒரு பொய் இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகம் சாகாது. காரீயம் கலந்த தண்ணியைக் கொதிக்க வைத்தால் தண்ணிதான் ஆவியாகப் போகும். காரீயம் அப்படியே தங்கி, மிச்சத் தண்ணியில் இன்னும் கூடுதலாக நிற்கும்.

ஈயம் என்றால் நம்ம பேச்சில் இரண்டும்தான். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். நான் சொல்வது காரீயம். வண்டி பேட்டரிக்குள் இருப்பது அது. பழைய குழாய்ப் பற்றவைப்பிலும், பித்தளைக் குழாயிலும், பி.வி.சி. பைப்பிலும்கூட அது உண்டு. பைப்பில் சேர்க்கிற காரீயத்தைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசு விதி போட்டது 2021இல்தான். அதற்கு முன்னால் பூமிக்குள் புதைத்த பைப்பு எல்லாம் பூமிக்குள்தான் கிடக்கிறது. காரீயத்துக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, தண்ணியில் கலந்தால் ருசியும் தெரியாது. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. குழந்தைகளின் மூளையை அது பாதிக்கிறது. கவனம் நிற்காது, படிப்பு ஏறாது. பிறகு வாத்தியார் சொல்வார், இதுங்களுக்கெல்லாம் படிப்பு வராது என்று. இந்த அளவு வரைக்கும் ஆபத்தில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதற்கு மேல் சலுகை இல்லை.

செம்மண் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் கேள்வி கேட்டோம். கண்ணுக்குத் தெரியாத விஷத்தை யார் பார்ப்பது? யார் சோதிப்பது? யார் சொன்னால் அரசு நம்பும்? எனக்கு இருக்கிற கேள்வி இதுதான்.

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் சாலையில் போனால் ஒரகடம். காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிற கம்பெனிகள். நம்ம பையன்கள் கான்ட்ராக்டில் ஷிப்டு பார்க்கிற இடம். இதேபோல் ஒரு கார் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளிண்ட். ஜெனரல் மோட்டார்ஸ் 1908இல் பிறந்த ஊர். கம்பெனி தன் வேலைகளை வேறு வேறு இடத்துக்குக் கொண்டுபோன பிறகு ஊர் ஏழையானது. ஒரு லட்சம் சனம், பாதிக்கு மேல் கறுப்பு மக்கள். நகராட்சிக்குக் கடன் என்று காரணம் காட்டி, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் அதிகாரத்தைப் பிடுங்கித் தான் நியமித்த மேலாளர் கையில் கொடுத்தார் ஆளுநர். காசு மிச்சம் பிடிக்க 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் தண்ணியை நிறுத்திவிட்டு ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணியைத் திருப்பிவிட்டார்கள். குழாய் அரிக்காமல் இருக்கப் போட வேண்டிய மருந்தைப் போடவில்லை. பழைய குழாய்களின் காரீயம் கரைந்து சமையலறைக்கு வந்தது.

சனங்கள் பழுப்புத் தண்ணியைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். எங்க பெரியம்மா போன மாதிரியேதான். தண்ணி நல்ல தண்ணி என்றது அரசு. ஆனால் அதே 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தத் தண்ணி எங்களுக்கு வேண்டாம் என்றது. எஞ்சின் பாகம் துருப்பிடிக்கிறதாம். உடனே அந்த ஆலைக்கு மட்டும் வேறு தண்ணிக்கு ஏற்பாடானது. இரும்புக்கு ஆகாத தண்ணியை இன்னும் ஒரு வருஷம் குழந்தைகள் குடித்தார்கள்.

லீ ஆன் வால்டர்ஸ் என்ற தாய் விடாமல் கேட்டார். 2015 பிப்ரவரியில் அவர் வீட்டுத் தண்ணியில் காரீயம் 104. அங்கே நடவடிக்கை எடுக்க வேண்டிய வரம்பே 15தான். ஜூலையில் அரசுத் துறையின் செய்தித் தொடர்பாளர் வானொலியில் பேசி மக்களை நிம்மதியாக இருக்கச் சொன்னார். மக்கள் நிம்மதியாக இருக்கவில்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு சுமார் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பியது. வீடு வீடாகப் போய் தண்ணி பிடித்துக் கொடுத்தது அந்த ஊர்ச் சனம். செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனைக் கணக்கை எடுத்து வெளியே வைத்தார். காரீயம் கூடிய குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. முதலில் அரசு அவர் கணக்கே தப்பு என்றது. அக்டோபரில் தண்ணியை மாற்றியது. 2017இல் மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையமே இதன் வேரில் நிறவெறி இருக்கிறது என்று எழுதியது. 62 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீடு ஒப்பந்தமானது. ஆனால் முன்னாள் ஆளுநர் உட்பட அதிகாரிகள் மேல் போட்ட வழக்குகள் 2023க்குள் ஒன்றும் இல்லாமல் போயின. யாரும் சிறைக்குப் போகவில்லை. அங்கே காசு வந்தது, நீதி வரவில்லை.

அமெரிக்காவைப் பார்த்து நாம் பெருமூச்சு விட வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 26 நமக்கு மறக்காது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். குழந்தைகள் நோயில் விழ, தண்ணியைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொல்ல, நம்ம சனம் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தது. உள்ளே மலம். விசாரிக்கப்போன கலெக்டர் அங்கே இரட்டைக் குவளையையும் கோயில் மறுப்பையும் கண்ணால் கண்டார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பாதிக்கப்பட்டவர்கள் பலரையே மரபணுச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் அதே சேரிக்காரர்கள். ஊர் சனம் அதை மறுத்தது. விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் இதில் ஒரு சேதி நமக்கு இருக்கிறது. தண்ணி கெட்டிருக்கிறது என்று முதலில் சொன்னவர்களின் சேரியிலேயேதான் அரசு குற்றவாளியையும் தேடி முடித்தது.

எது அசுத்தம் என்று சொல்கிற அதிகாரம் இந்த நாட்டில் என்றைக்கும் நம்ம கையில் இருந்ததில்லை. 1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் தண்ணி மொண்டு குடித்தார்கள். நகராட்சி ஏற்கெனவே அனைவருக்கும் திறந்துவிட்ட குளம்தான் அது. பிறகு சாதி இந்துக்கள் பாலும் தயிரும் சாணமும் மாட்டு மூத்திரமும் நிரப்பிய 108 குடங்களை மந்திரம் ஓதிக் குளத்தில் முக்கி, தீட்டுக் கழித்தார்கள். நம்ம கை பட்டால் அழுக்கு, சாணம் பட்டால் சுத்தம்! எந்த ஆய்வகம் கொடுத்த அறிக்கை அது? அந்தக் குளத்தில் நமக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 ஆனது. நம்ம செங்கல்பட்டுச் சீமையில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டசபையில் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் நமக்கும் திறக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தத் தலைமுறை தண்ணியைத் தொடுகிற உரிமைக்குப் போராடியது. நம்ம தலைமுறைக்குக் குழாய் வந்துவிட்டது. குழாயில் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்கிற உரிமை வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. எங்க ஊர் பாலாற்றங்கரை ஊர். மேலே வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு இந்த ஆற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது, மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும் என்று. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு என்று அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம்.

எங்க தெருத் தண்ணியில் காரீயம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இல்லை என்று சொல்கிற தாளைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணி பார்க்கப் பயிற்சி என்றார்கள். நல்லது. ஆனால் கையில் கொடுக்கிற பெட்டியில் பார்ப்பது இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, குளோரின் மாதிரியானவை. காரீயம் பார்க்க ஆய்வகம் வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. ஊர்த் தொட்டிக்குத் தனியாக, சேரித் தொட்டிக்குத் தனியாகச் சோதித்து, காரீயம் எவ்வளவு என்று தமிழில் எழுதி, தொட்டித் தூணிலேயே ஒட்டு. ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணியை விடிகாலையில் முதலில் பிடித்துச் சோதி. தண்ணியைத் திறந்துவிட்டு ஓடவைத்த பிறகு பிடித்தால் காரீயம் குறைவாகத்தான் காட்டும்.

கல்லூரியில் வேதியியல் படிக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஃபிளிண்டில் வீடு வீடாகத் தண்ணி பிடித்தவர்கள் யாரும் விஞ்ஞானி இல்லை. 2005இன் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்க சேரித் தொட்டியின் கடைசிச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கையே இல்லை என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். அதுவும் ஒரு சாட்சியம்தான்.

கடைசியாக எங்க பெரியம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபிளிண்ட் மேயர் 2015 ஜூலையில் தொலைக்காட்சியில் அந்தத் தண்ணியைக் குடித்துக் காட்டினார். அடுத்த வருஷம் அதிபர் ஒபாமாவே வந்து, வடிகட்டிய தண்ணியில் ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போனார். ஒரு வாய் குடிக்கிறது அவர்களுக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை. தினம் தினம் குடிக்கிறவர்கள் நாம்தான். அதனால் பெரியம்மா, அடுத்த தடவை அந்த ஆள் குடித்தே காட்டினாலும் எழுந்து வந்துடாதே. தாளைக் கேளு.