இரவு ஷிப்டுக்குப் பின் புதினா

ஒரகடம், வல்லம் பக்கத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் பெண்கள் பகலில்தான் தூங்கியாக வேண்டும். வழியில் குடிக்கும் டீ அந்தத் தூக்கத்தைக் கெடுக்கிறது. டீக்குப் பதில் புதினா குடிக்கலாம், அதில் காஃபின் கிடையாது. பத்துப் பன்னிரண்டு இலையைக் கழுவி, லேசாகக் கசக்கி டம்ளரில் போட்டு, கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றித் தட்டால் மூடி ஐந்து நிமிடம் விட்டால் போதும். அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் மணம் தரும் எண்ணெய் ஆவியோடு போய்விடும். மூடச் சொல்வதும் அதற்காகவே. இலை ஆய்ந்த தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர்விடும், பிறகு ஒரு பழைய பெயின்ட் டப்பா மண் போதும். (நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் பார்த்துக் குடிக்கட்டும்.) இலை கிடைத்துவிடும், ஆனால் வெந்நீருக்கு எங்கே போவது? இந்தப் பெண்கள் தங்கும் பல விடுதிகளில் அறைக்குள் கெட்டில் கூடாது. தீ பயம் நியாயம்தான், அதற்காக வெந்நீரே இல்லாமல் விடுவது நியாயமில்லை. 2021 டிசம்பரில் இப்படியொரு விடுதியின் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தொழிலாளர் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், மற்றவர்கள் சென்னை–பெங்களூரு சாலையை மறித்த பிறகுதான் விடுதிகளின் நிலை வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு அரசே குடியிருப்பு திறந்தது, நல்ல காரியம். இனி கட்டும் ஒவ்வொரு விடுதியிலும் தளத்துக்கு ஒரு பொது அடுப்பையும் ராத்திரி பகலாகத் திறந்திருக்கும் வெந்நீர்க் குழாயையும் விதியிலேயே எழுதி வைக்க வேண்டும்.