தெஹ்ரானின் காலை ரொட்டியும் போஸ்டர் ஒட்டும் பசையும்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு 'ஈரான்' என்பது ஒரு அலர்ட் சத்தம். ஏவுகணை, பொருளாதாரத் தடை, கச்சா எண்ணெய் விலை... எத்தனை தலைப்புகளில் அந்தப் பெயரை டைப் செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 2025 ஜூனில் இஸ்ரேலுடன் 12 நாள் சண்டை நடந்தபோது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அதே வேலைதான். அப்போது ஒரு ராத்திரி, டி.வி-யில் தெஹ்ரான் தெருக்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார். "ஏண்டி, அந்த ஊர் ஜனங்க காலையில என்னதான் சாப்பிடுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்டின் யுரேனியம் செறிவூட்டல் சதவிகிதம் வரை எழுதியிருக்கிறேன். காலைச் சாப்பாடு தெரியவில்லை!

தேடியதில் கிடைத்த பதில் ரொம்ப எளிமையானது. ரொட்டி, உப்புப் போட்ட வெள்ளைச் சீஸ், கொஞ்சம் வால்நட், புதினா மாதிரி பச்சைத் தழைகள், பால் இல்லாத டீ. அந்த ரொட்டி பெரும்பாலும் 'பர்பரி'. முக்கால் மீட்டர் வரை நீளம், மேலே உழுத வயல் மாதிரி நீளவாக்கில் பள்ளங்கள், அதன்மேல் எள்ளும் கருஞ்சீரகமும். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு.

பர்பரிக்குப் பங்காளிகளும் உண்டு. 'லவாஷ்' காகிதம்போல மெல்லியது. கிராமத்து வீடுகளில் பெண்கள் சேர்ந்து சுட்டு, காயவைத்து அடுக்கிவிடுவார்கள். வேண்டும்போது தண்ணீர் தெளித்தால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலேயே இடம்பிடித்தது இந்த லவாஷ் செய்து பகிரும் பழக்கம். 'தஃப்தூன்' தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுவது. 'சங்கக்'தான் விசித்திரமானது. பாரசீகத்தில் 'சங்' என்றால் கல். சூடான கூழாங்கற்களின் மேலேயே மாவை விரித்துச் சுடுவார்கள். வாங்கியதும் முதல் வேலை, ரொட்டியில் ஒட்டியிருக்கும் கல்லைத் தட்டிவிடுவது. நம் ஊர் ஆட்டுக்கால் பாயாவுக்கு அண்ணன் முறையான 'கல்லே பாச்சே' என்ற தலை, கால் சூப்புக்கு இதுதான் ஜோடி.

இதில் ஒன்று எனக்கு ஆச்சர்யமாக இருந்தது. பர்பரியும் சங்கக்கும் ஈரானியர்கள் வீட்டில் சுடும் ரொட்டிகளே அல்ல. தெருவுக்குத் தெரு 'நான்வாயி' என்ற ரொட்டிக்கடை இருக்கும். வேளைக்கு வேளை போய் வரிசையில் நின்று, அடுப்பிலிருந்து எடுத்ததும் வாங்கி, சுடச்சுட கையில் போட்டுக்கொண்டு, வழியிலேயே ஒரு ஓரத்தைப் பிய்த்துத் தின்றபடி வீடு திரும்புவார்கள். வீட்டில் என்னதான் பரோட்டா போட்டாலும் மாஸ்டர் கைப் பரோட்டாவுக்கு நாம் கடைக்குப் போவதில்லையா? அதே கதைதான். கடை அடுப்பின் சூடு வீட்டு அடுப்புக்கு வராது. தவிர, பர்பரி ஒரு மணி நேரம் தாண்டினால் தோல் தடித்துவிடும். பக்கத்தில் கடை இருந்தால்தான் சரிப்படும்.

அப்படியானால் பர்பரியை வீட்டில் சுடுபவர்கள் யார்? பெரும்பாலும் ஊரை விட்டு வந்தவர்கள். 1979 புரட்சிக்குப் பிறகு ஏராளமான ஈரானியர்கள் அமெரிக்கா, ஐரோப்பா என்று போனார்கள். லாஸ் ஏஞ்சலஸின் ஒரு பகுதிக்கு 'தெஹ்ரான்ஜெலஸ்' என்றே செல்லப்பெயர் வந்துவிட்டது. அங்கே கடை உண்டு. எல்லா ஊரிலும் இருக்குமா? வாங்கித் தின்ற ரொட்டியை வீட்டில் சுடக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் அங்கேதான் வந்தது. அப்படிப் போனவர்களில் ஒருவர் நஜ்மியே பட்மாங்க்லிஜ். 1986-ல் அவர் எழுதிய 'ஃபுட் ஆஃப் லைஃப்' என்ற சமையல் புத்தகம் வெளிநாட்டு ஈரானியர் வீடுகளில் நம் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' மாதிரி. (இளசுகளுக்கு ஒரு தகவல்: 'வாம்பயர் வீக்எண்ட்' இசைக்குழுவில் இருந்த ரோஸ்தம் இவருடைய மகன்.)

பர்பரி என்ற பெயருக்குப் பின்னாலும் ஊர் விட்டு வந்தவர்கள்தான் இருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானின் நடுமலைப் பகுதியைச் சேர்ந்த ஹஸாரா மக்களை ஈரானில் அந்தக் காலத்தில் 'பர்பரி' என்று அழைத்தார்கள். கஜார் மன்னர்கள் ஆண்ட நாள்களில் தெஹ்ரானுக்கு வந்த அவர்கள் சுட்ட ரொட்டி இது, அவர்கள் பெயரே ரொட்டிக்கும் ஒட்டிக்கொண்டது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. இன்று ஒரு ஹஸாராவை அந்தப் பெயரால் கூப்பிட்டால் அவமரியாதை. ரொட்டியைக் கூப்பிட்டால் காலை உணவு. 2025-ல் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆப்கானியர்கள் ஈரானிலிருந்து எல்லை தாண்டித் திரும்பினார்கள். பலர் வெளியேற்றப்பட்டவர்கள். அந்தச் செய்தியையும் நான்தான் ஒரு மதிய ஷிஃப்டில் டைப் செய்தேன். அன்றைக்கு இந்தப் பெயர்க்கதை எனக்குத் தெரியாது.

சரி, அடுப்படிக்கு வருவோம். முதல் தடவை நான் செய்தது பெரிய சொதப்பல். மாவு பிசைந்து, உப்பவைத்து, மேலே கொஞ்சம் பால் தடவி, குளிர்ந்த டிரேயில் வைத்து ஓடிஜி-க்குள் தள்ளினேன். 25 நிமிடம் கழித்து வெளியே வந்ததைப் பார்த்து அம்மா, "என்னடி இது, மணைப்பலகை மாதிரி இருக்கு?" என்றார். தட்டினால் நிஜமாகவே சத்தம் வந்தது.

இரண்டு தப்பு. ஒன்று, அடியில் சூடு இல்லை. இரண்டு, 'ரூமால்' இல்லை.

ரூமால்தான் பர்பரியின் ரகசியம். பாரசீகத்தில் 'ரூ' என்றால் முகம், 'மால்' என்றால் தேய்ப்பது. முகம் துடைக்கும் துணிக்கும் அதே பெயர்தான். அந்தச் சொல் இந்துஸ்தானி வழியாக நம்மிடமும் வந்து, தலையில் கட்டும் 'உருமால்' ஆகியிருக்கிறது. ரொட்டி விஷயத்தில் ரூமால் என்பது ரொட்டியின் முகத்தில் தேய்க்கும் பசை. மைதா, தண்ணீர், துளி பேக்கிங் சோடா சேர்த்துக் காய்ச்சுவது. நான் அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தபோது அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டப்போற?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிண்டல் செய்தாலும் அவர் சொன்னது சரி. சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டும் அதே மைதா பசைதான், கொஞ்சம் நீர்க்க. இந்தப் பசை மாவின் மேல்தோலைச் சட்டென்று காயவிடாமல் ஈரமாக வைத்திருக்கும். அதனால் ரொட்டி எழும்ப நேரம் கிடைக்கும். காய்ந்த பிறகு பளபளப்பு கொடுக்கும். சோடாவின் காரத்தன்மையால் மேற்புறம் சீக்கிரம் சிவந்து, அந்தத் தேன் நிறம் வரும். எள் உதிராமல் ஒட்டியிருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது தடவை ஆசையில் சோடாவை ஒரு டீஸ்பூன் போட்டுவிட்டேன். நிறம் பிரமாதம். வாயில் வைத்தால் சோப்பு. மூன்றாவது தடவைதான் அம்மா இரண்டாவது துண்டு கேட்டார். அந்த அளவைத்தான் கீழே தருகிறேன்.

தேவையானவை: மைதா - 400 கிராம், கோதுமை மாவு - 100 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் - ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை - ஒரு டீஸ்பூன், உப்பு - இரண்டு டீஸ்பூன் (தலை தட்டி), எண்ணெய் - ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீர் - சுமார் 340 மில்லி, எள், கருஞ்சீரகம், ரவை - சிறிதளவு. ரூமாலுக்கு: மைதா - இரண்டு டீஸ்பூன், பேக்கிங் சோடா - அரை டீஸ்பூன், தண்ணீர் - அரை கப்.

மைதா, கோதுமை மாவு, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். கடைசியில் எண்ணெய். சப்பாத்தி மாவைவிட நன்றாகவே தளர்வாக, கையில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போனால் மணைப்பலகைதான். பத்து நிமிடம் இழுத்து இழுத்துப் பிசைந்தால் தானாக வழவழப்பாகும். மூடி வையுங்கள். சென்னை வெயிலில் 45 நிமிடத்திலேயே இரண்டு மடங்காகிவிடுகிறது. குளிர் ஊரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். வெதுவெதுப்பான தண்ணீர் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். ஏப்ரல், மே மாதங்களில் நமக்கு அது வேண்டவே வேண்டாம். பானைத் தண்ணீரே போதும்.

மாவு உப்பும் நேரத்தில் ரூமாலைக் காய்ச்சி விடுங்கள். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கஞ்சிப் பதம் வந்ததும் இறக்கி ஆறவிட வேண்டும்.

இப்போது ஓடிஜி. இருப்பதிலேயே அதிகச் சூட்டில் வையுங்கள். என்னுடையது 250 டிகிரி. உள்ளே கீழ்த்தட்டில் கனமான இரும்பு தோசைக்கல்லை வைத்து அரை மணி நேரம் காயவிடுங்கள். பிளாஸ்டிக், மரக் கைப்பிடி உள்ள கல் கூடாது. கடை அடுப்பின் தரை கொடுக்கும் சூட்டை நம் வீட்டில் இந்தக் கல்தான் கொடுக்க வேண்டும். கல் பெரிதாக இருந்து நுழையவில்லை என்றால் ஓடிஜி-யோடு வந்த டிரேயைக் கவிழ்த்து வைத்துச் சூடாக்குங்கள். கல் அளவுக்கு வராது, ஆனாலும் பரவாயில்லை.

உப்பிய மாவை மூன்றாகப் பிரித்து, உருண்டையாக்கி, 15 நிமிடம் விடுங்கள். கடைகளில் சுடும் நீளத்துக்கு ஆசைப்பட வேண்டாம். தோசைக்கல்லின் அளவுக்கு ஏற்றபடி ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம் போதும். ரவை தூவிய பேக்கிங் பேப்பரில் உருண்டையை வைத்து, கையால் நீள்வட்டமாக அழுத்தி விரியுங்கள். சப்பாத்திக் கட்டை எடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் காற்று போய்விடும். ஆறிய ரூமாலை மேலே தாராளமாகத் தடவுங்கள். அந்தப் பசை ஈரத்தோடேயே விரல் நுனிகளால் நீளவாக்கில் நான்கைந்து பள்ளம் போடுங்கள். பேப்பர் தட்டுப்படும் வரை அழுத்தலாம், பயப்பட வேண்டாம். லேசாக அழுத்தினால் சூட்டில் பள்ளம் மறைந்து பூரி மாதிரி உப்பிவிடும். எள், கருஞ்சீரகம் தூவி, பேப்பரோடு தூக்கி, சூடான கல்லின்மேல் வையுங்கள். 12-லிருந்து 15 நிமிடம். மேலே தேன் நிறம் வந்ததும் எடுத்துவிடலாம். (உங்கள் பேக்கிங் பேப்பர் எத்தனை டிகிரி தாங்கும் என்று டப்பாவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் பேப்பரை விட்டுவிட்டு, ரவை தூவிய தட்டிலிருந்து கல்லுக்கு நேரடியாக நழுவவிடுங்கள்.)

பர்பரி வந்துவிட்டதே, சங்கக்கும் சுட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆற்றுக் கூழாங்கல்லை ஓவனுக்குள் வைக்க வேண்டாம். உள்ளே ஈரம் கோத்திருக்கும் கல் சூட்டில் வெடித்துச் சிதறக்கூடும். அந்த ரொட்டியைச் சங்கக் கடைக்காரர்களிடமே விட்டுவிடலாம்.

தொட்டுக்கொள்ள அவர்கள் சாப்பிடும் வெள்ளைச் சீஸுக்குப் பெயர் 'பனீர்'. நம் பனீருக்கு அந்தப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. ஆனால், நம்முடையதில் உப்பு கிடையாது. அதனால் 100 கிராம் பனீரை உதிர்த்து, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் வைத்தேன். அதே ருசி என்று சொல்ல மாட்டேன். கூடவே புதினா, வெள்ளரி, தக்காளி. வால்நட் விலையைப் பார்த்துவிட்டு வறுத்த வேர்க்கடலை வைத்துக்கொண்டேன். டீ மட்டும் அவர்கள் முறைப்படி. பால் இல்லாத சூடான டீ. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவார்கள். அப்பா இரண்டு வாய் குடித்துவிட்டு, "இது ஜுரத்துக்குக் குடிக்கிறது" என்று பால் ஊற்றிக்கொண்டார்.

மூன்றாவது பர்பரியை எடுக்கும்போது சூடு தாங்காமல் ஒரு துண்டு என் கையிலிருந்து தரையில் விழுந்தது. ஈரானில் ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டு, யார் காலிலும் படாத உயரத்தில் வைப்பார்களாம் என்று அன்று மாலைதான் அம்மாவிடம் படித்துக் காட்டியிருந்தேன். புத்தகத்தில் கால் பட்டால் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரி. நான் சொல்வதற்கு முன்பே அம்மா குனிந்து அதை எடுத்தார். ஊதிவிட்டு, மொட்டைமாடிச் சுவரில் காக்காய்க்கு வைத்துவிட்டு வந்தார்.

மிச்சம் இருந்த அரை ரொட்டி மறுநாள் காலையில் விறைத்துப்போயிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து, சூடான தோசைக்கல்லில் மூடி போட்டு ஒரு நிமிடம் வைத்ததில் மறுபடி மெத்தென்று ஆகிவிட்டது. அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஷிஃப்டுக்குக் கிளம்பினேன்.