சிஸ்டருக்கு சிஸ்டர் ஒரு போன்

வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீடு அழைத்துப்போவது கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் இன்றும் மாறாத வழக்கம். திருவிடைமருதூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் பாபநாசம் பக்கத்துப் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். வழியில் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையிடம் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்கிறார்கள். தாய் சேய் நல அட்டையும் கூடவே வருகிறது. மாதக்கணக்கில் அவளைப் பார்த்துவந்த கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிந்தவற்றில் பாதி புகுந்த ஊரிலேயே நின்றுவிடுகிறது.

கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் இருக்கிறதே என்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் உதவித்தொகைக்கும் பிறப்புப் பதிவுக்கும் அந்த எண் வேண்டும். ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் அந்தப் பதிவில் ஏறியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு விழுங்காதவள், கால் வீக்கத்தை வீட்டில் சொல்லக் கூசுபவள் என்பதெல்லாம் எந்தக் கட்டத்தில் ஏறும்? வளைகாப்புக்குப் பின் ஊர் மாறும் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் பழைய ஊர் செவிலியர் புது ஊர் செவிலியரிடம் பேசியே ஆகவேண்டும் என்று சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும்.

இதைவிட ஆபத்தான இடம் பிரசவ வலியின் நடுவே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் எகிறுகிறது. வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, 108-இல் ஏற்றிக் கும்பகோணம் அரசு மருத்துவமனைக்கோ, தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனைக்கோ அனுப்புகிறார்கள். முதல் டோஸ் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பது பிரசவ வார்டுக்குத் தெரியாவிட்டால் அடுத்த டோஸ் தள்ளிப்போகலாம், முதல் டோஸே மறுபடியும் ஏறிவிடலாம். இரண்டுமே உயிருக்கு உலை வைக்கும். அவசரத்தில் கிறுக்கிய ரெஃபரல் சீட்டை மட்டும் நம்பி இதை விடக்கூடாது. ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே அனுப்பும் சிஸ்டர் வார்டு சிஸ்டரை அழைத்து, வலி தொடங்கிய நேரம், பனிக்குடம் உடைந்த நேரம், கொடுத்த மருந்து ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். ஷிப்ட் மாறும்போதும் இதே முறைதான், கட்டிலருகே, அந்தப் பெண்ணும் கேட்கும்படி.

தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001–03-இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018–20-இல் 54 ஆகக் குறைந்தது. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் செவிலியர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. அவர்கள் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்ற நாம் கேட்கவில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே உள்ள செவிலியர் ஒரே விவரத்தைப் பதிவேட்டிலும் கணினியிலும் திரும்பத் திரும்ப ஏற்றுவதை முதலில் நிறுத்துங்கள். பேச நேரம் தானே கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணிக்கு ஒருவரை மட்டும் விட்டுவிட்டு, அவர் போனும் பேசவில்லை என்று குறைசொல்வது அநியாயம்.

தாய் இறந்தால் இங்கே தணிக்கை நடக்கிறது. சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்து வந்தவர்களின் கதையையும் அந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டும். யார் யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பது அங்கே முதல் கேள்வியாகட்டும். பதில் சொல்லும் செவிலியர்மீது அதற்காக மெமோ வராது என்ற உறுதியை மாவட்ட நிர்வாகம் எழுத்தில் தரவேண்டும்.