யாரை? எதை?

ஆர்.கே.புரம் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே வளருகிறார்கள். "நாய் பூனையைக் கடித்தது" என்பதைப் "பூனையை நாய் கடித்தது" என்று மாற்றினாலும் பொருள் மாறுவதில்லை. 'ஐ' உருபு காத்துக்கொள்ளும். இந்தியில் அவ்வேலையை 'கோ' செய்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கோ அத்தகைய உருபு இல்லை, இடமே அடையாளம். 'டாக்', 'கேட்' இரண்டையும் இடம் மாற்றினால் கடித்தது பூனையாகிவிடும்!

ஆகவே பிள்ளைகள் வினைச்சொல்லை நோக்கி, யாரை, எதை என்று கேட்கட்டும். விடை கிடைத்தால் அதுவே செயப்படுபொருள். ஆயினும் இக்கேள்வியை முழுவதும் நம்பலாகாது. பாட்டைக் கேட்டேன் என்கிறோம். 'லிசன்' என்பதற்குப் பின்னோ 'டு' வேண்டும். வகுப்பறைக்குள் நுழைந்தான் என்கிறோம். 'என்டர்' என்பது 'இன்டு' இல்லாமலே வகுப்பறையை ஏற்கும். 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபவுட்' சேர்த்து நானும் வேதாகமக் கல்லூரியில் பலமுறை சிவப்பு மை வாங்கியிருக்கிறேன்.