சான்றிதழும் கைத்திறனும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் பெரியோர். கணினி வலையமைப்புத் துறையில் நுழைய விழையும் நம் மாணவர்க்கு இப்பழமொழி நன்கு பொருந்தும்.

சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வுக்கு வினா விடைத் தொகுப்புகளை மனனம் செய்வோர் உளர். தேறினால் கிட்டும் சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். ஆயின் அலுவலகத்தில் இணைப்பு நின்றுபோனால், பழுது வடத்திலா, சுவிட்சிலா, முகவரி அமைப்பிலா எனப் படிப்படியாகத் தேடிக் கண்டறியும் திறன் மனனத்தால் வாராது. வடத்தின் 8 இழைகளையும் நிறமுறைப்படி அடுக்கிப் பொருத்திப் பழகிய கைக்கே அது வாய்க்கும்.

அந்நிறுவனம் 1993இல் தொடங்கிய சி.சி.ஐ.இ. என்னும் உயர்நிலைத் தகுதிக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. ஆய்வகத்தில் 8 மணி நேரம் செய்து காட்டவும் வேண்டும். சான்றிதழ் வழங்குவோரே கைத்திறனை உரைகல்லாகக் கொண்டுள்ளமை கருதத்தக்கது.

சான்றிதழே வேண்டாம் என்பது என் கருத்தன்று. வளைகுடா நாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் ஏழை இளைஞனுக்கு அதுவே முதல் அறிமுகம். வாயிலைத் திறப்பது தாள். உள்ளே நிலைக்கச் செய்வது கை.

எனவே, பெற்றோர் நகையை அடகு வைத்துத் தேர்வுக் கட்டணம் செலுத்துமுன், பழைய ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் கொண்டேனும் கல்லூரிதோறும் பயிற்சிக்கூடம் அமைதல் வேண்டும். சமுதாயச் செல்வர்கள் இதற்கு உதவுவார்களாயின், அது ஸதக்கத்துல் ஜாரியாவாக நின்று பயன் தரும், இன்ஷா அல்லாஹ்.