சுதைக்கு அடியில் சுதை

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் சாந்தார நாழிக்குள் போனபோது, சுவரில் தெரிந்தவை நாயக்கர் கால ஓவியங்கள்தாம். கருவறையைச் சுற்றி ஓடும் அந்த இருட்டுப் பாதையில் ஆங்காங்கே காரை உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் கல் தெரியவில்லை. இன்னொரு பூச்சு, அதன்மேல் வேறொரு கை இழுத்த கோடுகள். 1010இல் ராஜராஜன் குடமுழுக்குச் செய்த கோயிலின் சோழர் ஓவியம் ஒன்பது நூற்றாண்டு கழித்து இப்படித்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

இதைச் சொல்லும்போதெல்லாம் 'நாயக்கர்கள் மறைத்துவிட்டார்கள்' என்று ஒரு குறையையும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. நியாயமில்லாத பேச்சு. வழிபாடு நடக்கும் கோயிலில் சுவர் ஓவியம் காட்சிப்பொருளாக இருப்பதில்லை. எண்ணெய்ப் புகையும் ஈரமும் ஏறி மங்கினால் திருப்பணி நடக்கும். மங்கியதன்மேல் புதுச் சுதை பூசிப் புதுப் படம் எழுதுவார்கள். அவர்கள் கண்ணுக்கு அது புண்ணியம். பழசைச் சுரண்டி எடுக்காமல் மேலே பூசினார்களே, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். புகையும் கை எண்ணெயும் பிறகு மேல்பூச்சோடு நின்றன.

அடியில் இருந்ததும் சாமானியமான வேலை இல்லை. முதலில் சொரசொரப்பான சுண்ணாம்புக் காரை, அதன்மேல் மெல்லிய பூச்சு, அது காய்வதற்குள் வண்ணம். ஈரச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி சுண்ணாம்புக் கல்லாக இறுகும்போது நிறத்தையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இந்தப் பூச்சைச் சோதித்து, இது ஈரச்சுதை ஓவியமே என்று காட்டினார். வேலை அந்த வேகத்தில் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகும் சுந்தரரும் குதிரையில் கூடவே விரையும் சேரமான் பெருமாளும் வேறு மாதிரித் தெரிகிறார்கள். கோட்டில் தயக்கமே இல்லை. தயங்க நேரமும் இருந்திருக்காது.

காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் இதே கதைதான். அங்கே பிற்காலப் பூச்சுக்கடியில் இருந்த பல்லவர் ஓவியங்களைக் கண்டெடுத்தவர் புதுச்சேரியில் பணியாற்றிய ழுவோ துப்ரேல் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர்.

ஆனால் அடியில் இருப்பதைப் பார்க்க மேலே இருப்பதை என்ன செய்வது? தஞ்சையில் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு நாயக்கர் ஓவியங்களைச் சுதையோடு உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டியது. இரண்டும் பிழைத்தன. உலகில் பல இடங்களில் மேலடுக்கு குப்பைக்குப் போயிருக்கிறது. அந்த வகையில் இது பெரிய சாதனை. இருந்தும் ஒரு உறுத்தல் எனக்கு உண்டு. உரித்த படங்கள் சுவரை இழந்து காட்சிக்கூடத்துக்கு வந்துவிட்டன. சோழர் படங்கள் சுவரிலேயே இருக்கின்றன, ஆனால் அந்தப் பாதையில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அனுமதிக்காதது சரிதான், மூச்சுக்காற்றின் ஈரமே அந்தச் சுவருக்குப் பகை. எது சுவரில் நிற்கலாம், எது இறங்க வேண்டும் என்பதைப் பழமையை மட்டும் வைத்து முடிவு செய்தோமா என்பதுதான் என் கேள்வி. 'சோழர்' என்று கேட்டதும் நிமிரும் காதுகள் 'நாயக்கர்' என்றதும் மடங்கிவிடுகின்றன.

கவலைப்பட வேண்டிய பூச்சு வேறு. சுண்ணாம்பின்மேல் சுண்ணாம்பு இருந்தால் சுவர் மூச்சு விடும். சிமெண்டும் எனாமல் பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, அடியில் இருப்பதைத் தள்ளிக்கொண்டு உதிரும். இன்னொரு பக்கம், 'சுத்தம் செய்கிறோம்' என்று மணல் வீச்சு நடத்திக் கல்வெட்டு எழுத்துகளின் முனையைத் தேய்த்த கோயில்கள் எத்தனையோ. அதற்குத் தடை வந்தபோது தேய்ந்தது தேய்ந்ததுதான்.

நாயக்கர் அடுக்கை இரண்டாந்தரம் என்பவர்கள் அதே பெரிய கோயில் முற்றத்தில் கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம். அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. சுவரில் நீளமாக ஓடும் போன்ஸ்லே வம்சக் கல்வெட்டு 1803இல் சரபோஜி வெட்டுவித்தது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அண்டா அண்டாவாகப் பாலபிஷேகம் வாங்கும் அந்தப் பெரிய நந்தி நாயக்கர் வைத்தது.